வன்தட்டுத் தரவு மீட்பில் உள்ளக நேர்ப்பொருத்தம்

உள்ளக நேர்ப்பொருத்தம் என்பது ஒரு வன்தட்டினுள் இருக்கும் தட்டுகள், சுழலச்சு, படிக்கும்-எழுதும் முனைகள், அவற்றைத் தாங்கும் கைகள் ஆகிய பாகங்கள் ஒன்றுக்கொன்று சரியான மையத்திலும் கோணத்திலும் உயரத்திலும் அமைந்திருக்கும் நிலை ஆகும். பழுதுபார்ப்போர் வழக்கில் இது 'அலைன்மென்ட்' எனப்படுகின்றது. பழுதடைந்த வன்தட்டிலிருந்து தரவுகளை மீட்கும் பணியில், தட்டுகளின் மேலுள்ள காந்தப் பதிவு சிறிதும் அழியாமல் இருந்தாலும், இந்தப் பொருத்தம் குலைந்துவிட்டால் தரவுகளைப் படிக்க முடியாமல் போகின்றது.

ஒவ்வொரு வன்தட்டும் தன் முனைகளால் எழுதியதைத் தானே படிக்கும் வகையில் தொழிற்சாலையில் தனித்தனியே அளந்து சரிசெய்யப்படுகின்றது. எல்லா வன்தட்டுகளுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் இங்கு இல்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு வன்தட்டுகள் கூட உள்ளே முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் பாகத்தை எடுத்து மற்றொன்றில் பொருத்தித் தரவு மீட்பது கடினமாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம் ஆகும்.

வன்தட்டின் அமைப்பு

வன்தட்டின் உள்ளே அலுமினியம் அல்லது கண்ணாடியால் ஆன வட்டத் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுழலச்சில் பொருத்தப்பட்டிருக்கும். தட்டுகளுக்கு இடையே வளையங்கள் இடப்பட்டு, மேலிருந்து ஒரு பிடிவளையத்தாலும் திருகாணிகளாலும் அவை இறுக்கப்படுகின்றன. தட்டின் இரு பக்கங்களிலும் மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். தரவுகள் இப்படலத்தில் ஒரே மையம் கொண்ட வட்டங்களாக எழுதப்படுகின்றன. இவ்வட்டங்கள் தடங்கள் எனப்படும். ஒவ்வொரு தடமும் துண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு தட்டுப் பக்கத்துக்கும் ஒரு முனை உண்டு. இதனைப் பழுதுபார்ப்போர் 'ஹெட்' என்பர். முனைகள் எல்லாம் ஒரே கைத்தொகுதியின் நுனிகளில் பொருத்தப்பட்டுள்ளன. கைத்தொகுதி ஓர் அச்சாணியைச் சுற்றித் திரும்புகின்றது. அதன் மறுமுனையில் உள்ள கம்பிச்சுருள் வலிமையான காந்தங்களுக்கு இடையே அசைந்து, முனைகளைத் தேவையான தடத்துக்குக் கொண்டு செல்கின்றது. முனைகள் ஒரே கைத்தொகுதியில் இருப்பதால், ஒன்று நகர்ந்தால் மற்ற எல்லாமும் சேர்ந்தே நகரும்.

தட்டு சுழலும்போது அதனுடன் சுழலும் காற்று முனையைத் தாங்குகின்றது. முனை தட்டைத் தொடுவதில்லை. மேசைக்கணினிகளில் பயன்படும் 3.5 அங்குல வன்தட்டின் தட்டு ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அது நிமிடத்துக்கு 7200 முறை சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு சுமார் 36 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது. இந்த வேகத்தில் செல்லும் பரப்பின் மேல் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றது.

அளவுகள்

நேர்ப்பொருத்தத்தின் தேவையைப் புரிந்துகொள்ள, தடங்களின் நெருக்கத்தை அறிதல் வேண்டும். ஆர வழியில் ஓர் அங்குலத்தில், அதாவது 25.4 மில்லிமீட்டரில், 2,50,000 தடங்கள் இருந்தால் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் உள்ள இடைவெளி சுமார் 100 நானோமீட்டர் ஆகும். 4,00,000 தடங்கள் இருந்தால் அது சுமார் 64 நானோமீட்டராகக் குறைகின்றது. மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிமன் 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். எனவே ஒரு மயிரின் அகலத்துக்குள் 500 முதல் 1000 தடங்கள் வரை அடங்கிவிடும்.

முனை தடத்தின் நடுவிலிருந்து அதன் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு விலகினாலே படித்தலில் பிழைகள் மிகத் தொடங்கும். 100 நானோமீட்டர் இடைவெளி உள்ள தட்டில் இது 10 நானோமீட்டர் மட்டுமே. கைகளாலும் திருப்புளியாலும் எந்தப் பாகத்தையும் இவ்வளவு துல்லியமாக வைக்க இயலாது. வன்தட்டு இத்துல்லியத்தை அடைவது அதன் சர்வோ முறையினால் ஆகும்.

சர்வோ முறை

தரவுகளுக்கு இடையிடையே, ஒவ்வொரு தட்டுப் பக்கத்திலும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, சர்வோ குறிகள் எழுதப்பட்டுள்ளன. இவை தொழிற்சாலையில் ஒருமுறை எழுதப்படுபவை. பயனர் வன்தட்டை எத்தனை முறை வடிவமைப்புச் செய்தாலும் அவை மாறுவதில்லை. ஒரு சுற்றில் இத்தகைய ஆரக்கால்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, தடத்தின் எண். இரண்டாவது, முனை தடத்தின் நடுவிலிருந்து எப்பக்கம் எவ்வளவு விலகியுள்ளது என்பதை அளக்க உதவும் குறிகைகள்.

முனை இவற்றைப் படித்துத் தன் இடத்தை அறிகின்றது. கட்டுப்பாட்டுச் சில்லு கம்பிச்சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைத் திருத்தி முனையை நடுவுக்குக் கொண்டு வருகின்றது. இத்திருத்தம் ஒரு நொடியில் பல ஆயிரம் முறை நிகழ்கின்றது.

இதனால் ஒரு கேள்வி எழலாம். முனை தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளுமானால், பாகங்களைத் துல்லியமாகப் பொருத்தவேண்டிய தேவை என்ன? சர்வோ முறை ஓர் எல்லைக்குட்பட்ட பிழையை மட்டுமே திருத்த வல்லது என்பது இதற்கு விடை. முனை குறிகளைக் காண வேண்டிய நேரத்தில் காணவேண்டும். தட்டின் ஆட்டம் கை பின்தொடரக்கூடிய அளவுக்குள் இருக்கவேண்டும். முனை சரியான உயரத்தில் மிதக்கவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் திருத்தம் தொடங்குவதே இல்லை. பழுதடைந்த வன்தட்டு 'டிக் டிக்' என்று ஒலிப்பது பெரும்பாலும் இந்நிலையில்தான். முனை குறிகளைத் தேடிச் சென்று, காணாமல் திரும்பி, மீண்டும் தேடிச் செல்லும் ஓசையே அது.

வரலாறு

1956 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஐபிஎம் 350 முதல் வணிக வன்தட்டாகக் கருதப்படுகின்றது. இது ராமாக் கணினியின் ஒரு பகுதி ஆகும். இதில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. மொத்தம் 50 இலட்சம் எழுத்துருக்களை இதில் சேமிக்க முடிந்தது. ஓர் அங்குலத்தில் 20 தடங்கள் மட்டுமே இருந்தமையால் தடங்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் மேலான இடைவெளி இருந்தது. இக்காலத்தில் நேர்ப்பொருத்தம் ஓர் எந்திரவியல் பணியாகவே இருந்தது.

1962 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் 1311 கருவியில் தட்டுகளைத் தொகுதியாகக் கழற்றி எடுக்கும் வசதி வந்தது. ஒரு கருவியில் எழுதிய தட்டுத் தொகுதியை வேறொரு கருவியில் படிக்க முடிந்தது. இதற்கு எல்லாக் கருவிகளின் முனைகளும் ஒரே பொது அளவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். எனவே பராமரிப்புப் பொறியாளர்கள் துல்லியமாக எழுதப்பட்ட சிறப்புத் தட்டுத் தொகுதி ஒன்றைக் கருவியில் ஏற்றி, அலைகாட்டியில் குறிகையைப் பார்த்து, ஒவ்வொரு முனையையும் நகர்த்திச் சரிசெய்தனர். முனை விலகிய கருவி ஒன்றில் எழுதப்பட்ட தொகுதியை அக்கருவி மட்டுமே படிக்கக்கூடியதாக இருந்தது.

1970 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3330 இல் 20 தட்டுப் பக்கங்களில் ஒன்று சர்வோ குறிகளுக்கெனவே ஒதுக்கப்பட்டது. மற்ற 19 பக்கங்களின் முனைகள் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தே வழிநடத்தப்பட்டன. தடங்கள் நெருங்க நெருங்க, கழற்றக்கூடிய தட்டுகளுக்கும் நிலையாக உள்ள முனைகளுக்கும் இடையே பொருத்தத்தைக் காப்பது கடினமானது.

1973 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3340 இச்சிக்கலுக்கு வேறு வழியில் தீர்வு கண்டது. 'வின்செஸ்டர்' என்று பெயர்பெற்ற இக்கருவியில் தட்டுகள், முனைகள், கைகள் ஆகியவை ஒரே மூடிய பெட்டியினுள் வைக்கப்பட்டன. பெட்டியைக் கழற்றினால் முனைகளும் தட்டுகளுடனேயே சென்றன. ஆகவே எந்த முனை எழுதியதோ அதே முனையே படித்தது. பொது அளவுக்குப் பொருத்தவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இன்றைய எல்லா வன்தட்டுகளும் இக்கொள்கையைப் பின்பற்றுகின்றன. கொள்ளளவு பெருகுவதற்கு இது வழிவகுத்தது. அதே வேளையில், தட்டையும் முனையையும் பிரிக்கும் எந்தச் செயலும் தரவுக்கு ஆபத்தானதாக மாறியது.

ஒரே பக்கத்தில் சர்வோ குறிகளை வைக்கும் முறையில் வெப்ப விரிவு ஒரு சிக்கலாக இருந்தது. அலுமினியத் தட்டின் 30 மில்லிமீட்டர் ஆரத்தில் உள்ள ஒரு புள்ளி, வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயர்ந்தால் சுமார் 0.7 மைக்ரோமீட்டர் வெளிநோக்கி நகர்கின்றது. எல்லாத் தட்டுகளும் கைகளும் ஒரே அளவில் சூடாவதில்லை. ஆகையால் குறிப் பக்கத்தின் முனை சரியான இடத்தில் இருக்கும்போதே மற்ற முனைகள் விலகிவிடக்கூடும். 1990களில் ஒவ்வொரு பக்கத்திலும் தரவுகளுக்கு இடையே குறிகளை எழுதும் முறை பொதுவானது. குறிகள் தட்டுடன் சேர்ந்தே விரிந்து சுருங்குவதால் இச்சிக்கல் பெருமளவு நீங்கியது.

நேர்ப்பொருத்தத்தின் வகைகள்

மையப் பொருத்தம்

தடங்களின் மையமும் சுழற்சியின் மையமும் ஒன்றாக இருத்தல் மையப் பொருத்தம் ஆகும். தட்டின் நடுத்துளைக்கும் சுழலச்சுக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. பிடிவளையத்தின் திருகாணிகளைத் தளர்த்தினால் இந்த இடைவெளிக்குள் தட்டு நகரக்கூடும். எடுத்துக்காட்டாக, தட்டு 20 மைக்ரோமீட்டர் மட்டும் நகர்ந்துவிட்டதாகக் கொள்வோம். இந்நகர்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தட்டு சுழலும்போது தடம் முனையின் கீழ் மொத்தம் 40 மைக்ரோமீட்டர் உள்ளும் புறமுமாக அலையும். 100 நானோமீட்டர் இடைவெளி உள்ள தட்டில் இது 400 தடங்களின் அகலம் ஆகும்.

நிமிடத்துக்கு 7200 சுழற்சி என்பது நொடிக்கு 120 சுழற்சி. எனவே முனை ஒரே தடத்தில் நிற்பதற்கு நொடிக்கு 120 முறை இந்த அலைவைப் பின்தொடர வேண்டியிருக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே விதமாகத் திரும்ப வரும் ஆட்டத்தை முன்கூட்டியே கணித்து ஈடுசெய்யும் வசதி வன்தட்டின் நிலைபொருளில் உண்டு. ஆனால் அது தொழிற்சாலையில் எதிர்பார்க்கப்பட்ட அளவுக்கே உரியது. அதற்கு மேல் சென்றால் முனை தடத்தைப் பற்றிக்கொள்ள முடியாது.

கோணப் பொருத்தம்

பல தட்டுகள் கொண்ட வன்தட்டில் தட்டுகள் ஒன்றுக்கொன்று எந்தச் சுழற்சிக் கோணத்தில் உள்ளன என்பதும் காக்கப்பட வேண்டும். 7200 சுழற்சியில் ஒரு முழுச் சுற்றுக்கு 8.33 மில்லிநொடி ஆகின்றது. ஒரு பாகைக் கோணத்தைக் கடக்க சுமார் 23 மைக்ரோநொடி ஆகின்றது. ஒரு சுற்றில் 200 ஆரக்கால்கள் இருப்பதாகக் கொண்டால், இரண்டு ஆரக்கால்களுக்கு இடையே 1.8 பாகை, அதாவது சுமார் 42 மைக்ரோநொடி மட்டுமே உள்ளது.

வன்தட்டு ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்கு மாறும்போது அடுத்த குறி எந்த நொடியில் வரும் என்பதை முன்பே கணக்கிட்டு வைத்துள்ளது. ஒரு தட்டு மற்றொன்றைச் சார்ந்து ஒரு பாகை திரும்பிவிட்டாலும் குறி எதிர்பார்த்த நேரத்தில் வராது. 30 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு பாகை என்பது அரை மில்லிமீட்டர் அளவே. தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் அடுக்கினால் இவ்வளவு திரும்புதலைத் தவிர்ப்பது அரிது. ஒரே தட்டு கொண்ட வன்தட்டில் இச்சிக்கல் எழுவதில்லை. தட்டின் மேல்பக்கம் கீழாக மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உயரமும் சாய்வும்

முனை தட்டுக்கு இணையாக, சரியான அழுத்தத்தில் இருக்கவேண்டும். கை சிறிது வளைந்தாலோ, அச்சாணி சாய்ந்தாலோ, முனையின் ஒரு பக்கம் தாழ்ந்து தட்டை உரசக்கூடும். உரசினால் காந்தப் படலம் சுரண்டப்படுகின்றது. அவ்விடத்தில் இருந்த தரவை எந்த முறையாலும் மீட்க முடியாது. சுரண்டிய துகள்கள் தட்டெங்கும் பரவி மேலும் உரசலை உண்டாக்குகின்றன.

சில மாதிரிகளில் அச்சாணியோ சுழலச்சோ மேல்மூடியுடனும் ஒரு திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். இவற்றில் மூடியைக் கழற்றுவதே சாய்வை மாற்றிவிடப் போதுமானது. அத்திருகாணியை மீண்டும் எவ்வளவு இறுக்குவது என்பதும் படித்தலின் தரத்தைப் பாதிக்கின்றது.

முனையின் தனி அளவீடுகள்

ஒவ்வொரு முனையிலும் படிக்கும் உறுப்பும் எழுதும் உறுப்பும் தனித்தனியாக, சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. கை வட்டப்பாதையில் திரும்புவதால் தட்டின் உட்பகுதியிலும் வெளிப்பகுதியிலும் முனை தடத்துக்குச் சாய்வாக நிற்கின்றது. இடைவெளி 5 மைக்ரோமீட்டர், சாய்வு 15 பாகை எனக் கொண்டால், இரு உறுப்புகளும் குறுக்குவாக்கில் 1.3 மைக்ரோமீட்டர் விலகியிருக்கும். இது 13 தடங்களின் அகலம் ஆகும். எனவே எழுதும்போது ஓரிடத்திலும் படிக்கும்போது சற்றே விலகிய இடத்திலும் முனை நிற்கவேண்டும்.

இந்த விலகல் முனைக்கு முனை வேறுபடும். தொழிற்சாலையில் ஒவ்வொரு முனைக்கும் இதனை அளந்து, குறிகையைப் பெருக்கும் அளவு, முனையைச் சிறிது சூடாக்கி அதன் உயரத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் போன்ற பிற அளவுகளுடன் பதிந்து வைக்கின்றனர். இவற்றின் ஒரு பகுதி மின்சுற்றுப் பலகையில் உள்ள நினைவகச் சில்லிலும், மற்றொரு பகுதி தட்டில் பயனருக்குத் தெரியாத தனிப் பகுதியிலும் உள்ளது.

தரவு மீட்புப் பணிகள்

முனை மாற்றம்

முனைகள் பழுதடைந்து தட்டுகள் நல்ல நிலையில் இருந்தால், அதே மாதிரியான மற்றொரு வன்தட்டிலிருந்து கைத்தொகுதி முழுவதும் எடுத்துப் பொருத்தப்படுகின்றது. பாகம் தரும் வன்தட்டைப் பழுதுபார்ப்போர் 'டோனர்' என்பர். மாதிரி எண் மட்டும் ஒத்திருந்தால் போதாது. நிலைபொருள் பதிப்பு, முனைகளின் எண்ணிக்கை, தயாரிக்கப்பட்ட காலம், இடம் ஆகியவையும் இயன்றவரை ஒத்திருத்தல் நல்லது.

தட்டின் குறிகளைப் புதிய முனை தானே படித்து வழி அறிவதால் இம்மாற்றம் பல வேளைகளில் வெற்றி பெறுகின்றது. பழைய முனை எந்த விலகலுடன் எழுதியது என்ற அளவு பழைய சில்லிலேயே உள்ளது. ஆகவே பழுதான வன்தட்டின் நினைவகச் சில்லை இழக்காமல் காப்பது இன்றியமையாதது. மறுபுறம், பழைய முனைக்கு அளந்த சூடாக்கும் ஆற்றல் புதிய முனைக்கு மிகையாக இருந்தால் அது தட்டைத் தொட்டுவிடக்கூடும். புதிய முனை எழுதினால் அது பழைய தடத்தின் மேல் சரியாக அமையாமல் பக்கத்துத் தடத்தையும் கெடுக்கலாம். எனவே மீட்பின்போது எழுதுதல் முற்றிலும் தடுக்கப்பட்டு, தரவுகள் வேறொரு வன்தட்டுக்குப் படியெடுக்கப்படுகின்றன.

கைத்தொகுதியைக் கழற்றும்போது மேல்முனையும் கீழ்முனையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி சீப்பு போன்ற ஒரு கருவி இடையே செருகப்படுகின்றது. இதன் உதவியால் முனைகள் தட்டின் விளிம்பைத் தொடாமல் தட்டுகளுக்கு இடையே கொண்டு செல்லப்படுகின்றன.

தட்டு மாற்றம்

சுழலச்சின் தாங்கி இறுகிவிட்டாலோ, கீழே விழுந்து அச்சு வளைந்துவிட்டாலோ தட்டுகளையே வேறொரு வன்தட்டின் உடலுக்கு மாற்றவேண்டி வரும். தரவு மீட்புப் பணிகளில் நேர்ப்பொருத்தத்தை மிகவும் சோதிப்பது இதுவே ஆகும். இதற்கு எல்லாத் தட்டுகளையும் வெளிவிளிம்பில் ஒருசேரப் பற்றும் உருளை வடிவக் கருவி பயன்படுகின்றது. தட்டுகள் ஒன்றுக்கொன்று திரும்பாமல் ஒரே தொகுதியாக எடுத்து ஒரே தொகுதியாக வைக்கப்படுகின்றன. பின்னர் பிடிவளையத்தின் திருகாணிகள் எதிரெதிராக, சிறிது சிறிதாக, சம அளவில் இறுக்கப்படுகின்றன. ஒரு பக்கம் மிகையாக இறுகினால் தட்டே சற்று வளைந்துவிடும்.

அடுக்கில் ஒரு தட்டு மட்டும் பொருந்தாமல் போனாலும் இழப்பு பெரிது. வன்தட்டு சில தடங்களை ஒரு பக்கத்தில் எழுதி, பின் அடுத்த பக்கத்துக்கு மாறி, இவ்வாறு எல்லாப் பக்கங்களையும் சுற்றி வருகின்றது. நான்கு பக்கங்களில் ஒன்றைப் படிக்க முடியாவிட்டால் நான்கில் ஒரு பங்கு கோப்புகள் மட்டும் இழக்கப்படுவதில்லை. பெரிய கோப்புகள் பெரும்பாலானவற்றில் இடையிடையே ஓட்டைகள் விழுகின்றன. நீண்ட நிகழ்படமும் பெரிய தரவுத்தளமும் இதனால் திறக்க முடியாதவை ஆகலாம். சிறிய ஒளிப்படங்களும் கடிதங்களும் பல தப்பிப் பிழைக்கும்.

தூய்மையறை

இப்பணிகள் தூசி வடிகட்டப்பட்ட தூய்மையறையிலோ, தூய காற்று வீசும் மூடிய மேசையிலோ செய்யப்படுகின்றன. ஐஎஸ்ஓ 5 வகுப்புத் தூய்மையறையில் ஒரு கனமீட்டர் காற்றில் 0.5 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் 3,520 க்கு மிகாமல் இருக்கவேண்டும். முனை மிதக்கும் உயரம் சில நானோமீட்டரே என்பதால், அரை மைக்ரோமீட்டர்த் துகளும் அதனினும் நூறு மடங்கு அளவில் பெரியது ஆகும்.

கொலம்பியா விண்ணோடத்தின் வன்தட்டு

2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் புவிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு விண்வெளி வீரர்கள் உயிரிழந்தனர். அவ்விண்ணோடத்தில் செனான் வளிமத்தின் பாகுநிலையை நுண்ணீர்ப்பில் அளக்கும் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டிருந்தது. அதன் தரவுகளைக் கொண்ட வன்தட்டு, கருகி உருக்குலைந்த நிலையில் டெக்சாசு மாநிலத்தில் சிதைவுகளிடையே கண்டெடுக்கப்பட்டது. இது ஒரு கிகாபைட்டுக்கும் குறைந்த கொள்ளளவு உடையது.

க்ரோல் ஆன்ட்ராக் என்ற தரவு மீட்பு நிறுவனத்திடம் இது ஒப்படைக்கப்பட்டது. வன்தட்டின் மூடல் வெப்பத்தால் உருகி உள்ளே அழுக்குப் புகுந்திருந்தது. எனினும் தட்டுகள் நெளியாமல் இருந்தன. பொறியாளர்கள் தட்டுகளை வேதிக்கரைசலால் தூய்மைசெய்து வேறொரு வன்தட்டின் உடலில் பொருத்தினர். சுமார் 99 விழுக்காடு தரவு மீட்கப்பட்டது. ஆய்வின் முடிவுகள் 2008 ஆம் ஆண்டில் பிசிக்கல் ரிவியூ ஈ ஆய்விதழில் வெளியாயின. அதே விண்ணோடத்தில் இருந்த வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை.

இந்நிகழ்வு வன்தட்டின் உறுதிக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆனால் தட்டு நெளியாமல் இருந்ததும், பழைய வன்தட்டு என்பதால் தடங்கள் அகலமாக இருந்ததும் மீட்புக்குத் துணைநின்றன என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும். அக்கால வன்தட்டுகளில் ஓர் அங்குலத்தில் சில ஆயிரம் தடங்களே இருந்தன. இலட்சக்கணக்கான தடங்கள் உள்ள இன்றைய தட்டில் அதே அளவு மைய விலகல் பல மடங்கு பெரிய இடராக அமையும்.

புதிய வன்தட்டுகளில் எழும் சிக்கல்கள்

2013 ஆம் ஆண்டில் எச்ஜிஎஸ்டி நிறுவனம் ஈலியம் நிரப்பிய வன்தட்டை வெளியிட்டது. ஈலியத்தின் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்கு என்பதால் சுழற்சியின்போது எழும் அதிர்வு குறைகின்றது. அதனால் மெல்லிய தட்டுகளை நெருக்கமாக அடுக்க முடிந்தது. அந்த வன்தட்டில் 7 தட்டுகள் இருந்தன. பின்னர் வந்தவற்றில் இவ்வெண்ணிக்கை 10 ஐயும் எட்டியது. இத்தகைய வன்தட்டைத் திறந்தால் ஈலியம் வெளியேறிவிடும். காற்றில் முனை மிதக்கும் விதம் வேறுபடுவதால், தொழிற்சாலையில் அளந்த அளவுகள் பொருந்தாமல் போகின்றன.

தட்டுகள் பெருகப் பெருக, தட்டு மாற்றத்தில் காக்கவேண்டிய கோணங்களும் பெருகுகின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியுமாறு தடங்களை எழுதும் முறையில், படிப்பதற்கு எஞ்சியுள்ள தடத்தின் அகலமும் குறைகின்றது. ஆகவே கொள்ளளவு உயரும் ஒவ்வொரு படியிலும் மீட்புக்கான இடம் சுருங்கி வருகின்றது.

தவறான கருத்துகள்

* தட்டைக் கழற்றி அதே மாதிரி வன்தட்டில் போட்டால் படித்துவிடலாம் என்பது பரவலான கருத்து. குறுந்தகட்டை எந்தக் கருவியிலும் இட்டுப் படிக்கும் வழக்கத்திலிருந்து இது தோன்றியிருக்கலாம். குறுந்தகடு எந்தக் கருவியிலும் படிக்கப்படுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதன் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி உண்டு.
* மின்சுற்றுப் பலகையை மட்டும் மாற்றினால் போதும் என்பது பழைய வன்தட்டுகள் சிலவற்றுக்குப் பொருந்தியது. இன்று முனைகளின் அளவீடுகள் பலகையில் இருப்பதால் அதன் நினைவகச் சில்லையும் மாற்றவேண்டும்.
* வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் இயங்கும் என்று கூறப்படுவதுண்டு. குளிர்ந்த தட்டின் மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்து, முனை அதில் மோதக்கூடும். பாகங்கள் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் பொருத்தமும் மாறுகின்றது.
* ஓசை எழுப்பும் வன்தட்டை மீண்டும் மீண்டும் இயக்கினால் ஒருமுறை படித்துவிடும் என்று பலர் முயல்கின்றனர். வளைந்த முனை ஒவ்வொரு முயற்சியிலும் தட்டைச் சுரண்டுகின்றது.

நடைமுறைப் பயன்

கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தால் மென்பொருளால் மீட்க முடியலாம். வன்தட்டு கீழே விழுந்திருந்தாலோ, வழக்கத்துக்கு மாறான ஓசை எழுப்பினாலோ மென்பொருள் பயன்படாது. அந்நிலையில் மின் இணைப்பை உடனே துண்டிப்பதும், மூடியைத் திறவாமல் இருப்பதும், பயனர் தம் தரவுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த பாதுகாப்பு ஆகும். தட்டையும் முனையையும் முதன்முறை பிரிக்கும்போது இருந்த பொருத்தம், தவறான முறையில் பிரித்தபின் திரும்ப வருவதில்லை. இதனாலேயே முதல் முயற்சியே பெரும்பாலும் மீட்பின் விளைவைத் தீர்மானிக்கின்றது.

இவ்வளவு நுண்ணிய பொருத்தத்தை நம்பியே ஒவ்வொரு வன்தட்டும் இயங்குவதால், தரவின் பாதுகாப்பு ஒரே வன்தட்டைச் சார்ந்திருக்கலாகாது. முக்கியமான கோப்புகளின் படிகளை வேறொரு வன்தட்டிலும், இயன்றால் வேறோர் இடத்திலும் வைத்திருப்பது நன்று.

இவற்றையும் பார்க்க

* வன்தட்டு
* தரவு மீட்பு
* காப்புப்படி
* சர்வோ பொறிமுறை
* தூய்மையறை
* கொலம்பியா விண்ணோடம்